தையல் மிஷின் பக்கத்தில் ஒரு ரேடியோ: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

2017-இல் மன்னார்குடியில் வாங்கிய மூன்று பேண்ட் ரேடியோ ஒன்று இன்றும் என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தினமும் பாடிக்கொண்டிருக்கிறது. மீடியம் வேவ், ஷார்ட் வேவ், எஃப்.எம். மூன்றும் உண்டு. முன்பக்கம் பெரிய ஸ்பீக்கர், பக்கவாட்டில் திருகு, மேலே இழுத்து நீட்டும் ஏரியல், பின்னால் மூன்று பெரிய பேட்டரிக் கட்டை போடும் அறை, நேராகக் கரண்டில் செருக ஒரு ஒயர். புளூடூத் கிடையாது. பென் டிரைவ் போட இடம் கிடையாது. அதே மாடல் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை, அதனால் கம்பெனி பெயரை எழுதிப் பயனில்லை. ஆனால் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், “அக்கா, இந்தக் காலத்தில் ரேடியோ வாங்கலாமா? எதெல்லாம் எடுக்கும்?” என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களிடம் வாசலில் நின்று சொல்வதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

தையல் வேலையில் கண்ணும் கையும் துணியை விட்டு நகரக் கூடாது. லைனிங் பிளவுஸுக்குக் கழுத்து திருப்பும்போது டிவியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் தையல் ஓடிவிடும். போனில் பாட்டு போட்டால், ஒரு பாட்டு முடிந்து விளம்பரம் வரும்போது கை தானாக அதைத் தேடிப் போகிறது. போன கை அதோடு திரும்புவதில்லை, யார் என்ன அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறது. ரேடியோவுக்குக் காது மட்டும் போதும். காலையில் போட்டால் மத்தியானச் சாப்பாடு வரை தொட வேண்டியதில்லை. பாட்டு, செய்தி, டாக்டர் பேச்சு, விவசாயம், மறுபடி பாட்டு என்று அதுவே மாறிக்கொள்ளும். எனக்கு இதுதான் முதல் பலன், பெரிய பலனும் இதுதான்.

முதலில் எது எடுக்கும் என்ற விஷயம். எங்கள் ஊரில் பகலில் திருச்சி வானொலி மீடியம் வேவில் 936 கிலோ ஹெர்ட்ஸில் நன்றாகக் கிடைக்கிறது. எஃப்.எம்.மில் காரைக்கால் 100.3 கிடைக்கும், ஆனால் ஏரியலை முழுக்க நீட்டி ஜன்னல் பக்கம் சாய்க்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மீடியம் வேவின் குணமே மாறிவிடும். பகலில் வானத்தின் மேலடுக்குகளில் ஒன்று மீடியம் வேவை விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு மறைந்து, அதற்கும் மேலே இருக்கிற அடுக்கு அலையைக் கீழே திருப்பி அனுப்புகிறது. அதனால் தூரத்து நிலையங்கள் எல்லாம் ராத்திரியில் வந்து குவியும். சில ராத்திரிகளில் திருச்சியின் பின்னால் தெரியாத மொழியில் யாரோ பேசுவது மெலிசாகக் கேட்கும். செட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ரேடியோவைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும். மீடியம் வேவுக்கான ஏரியல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி இல்லை, உள்ளே படுக்கை வாட்டில் இருக்கிற கறுப்புக் குச்சி. அது எந்தத் திசையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒரு நிலையம் ஏறும், இன்னொன்று இறங்கும்.

மீடியம் வேவின் பெரிய எதிரி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மிஷினுக்கு மோட்டார் மாட்டிய பிறகு, கால் வைத்தவுடன் ரேடியோவில் ‘கர்ர்’ என்று சத்தம், கால் எடுத்தால் நின்றுவிடும். விலை குறைந்த எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர் இரண்டும் இதையே செய்யும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது காரணம் என்று தெரிந்துவிடும். எனக்குப் பலன் தந்த வழி, ரேடியோவைக் கரண்டில் செருகாமல் கட்டையில் ஓடவிடுவதும், மிஷினிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி அலமாரி மேல் வைப்பதும். இந்த இரண்டையும் செய்த பிறகு மோட்டார் சத்தம் பாட்டைக் கெடுக்கிற அளவுக்கு வருவதில்லை.

விடியற்காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் நிலையம் தொடங்கும்போது வருகிற அந்த அடையாள இசை எனக்கு மிகவும் பிடிக்கும். வயலினும் தம்புராவும் சேர்ந்த அந்தச் சின்ன மெட்டை அமைத்தவர் வால்டர் காஃப்மன். ஐரோப்பாவிலிருந்து 1930-களில் அடைக்கலம் தேடி பம்பாய்க்கு வந்து, அங்கே வானொலியில் வேலை பார்த்த யூத இசைக்கலைஞர். அந்த மெட்டு சிவரஞ்சனி ராகத்தில் அமைந்தது என்று சொல்கிறார்கள். சொந்த ஊரை விட்டு வந்த ஒருவர் இந்த நாட்டுக்குப் போட்டுக் கொடுத்த மெட்டு இத்தனை தலைமுறையை எழுப்பிவிட்டிருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும். அப்புறம் வந்தே மாதரம், அதற்குப் பின் மங்கள இசை. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், ஷேக் சின்ன மௌலானா போன்றவர்களின் நாதஸ்வரம் அந்த நேரத்தில் ஒலிக்கும்போது அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்று கேட்பேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த மண் இது. இங்கே நாதஸ்வரத்தைக் கல்யாண வீட்டில் பேச்சுச் சத்தத்துக்கு நடுவில்தான் பெரும்பாலும் கேட்கிறோம். அமைதியான வீட்டில், வேறு யாரும் எழுந்திருக்காத நேரத்தில் கேட்டால்தான் அந்தக் குழைவு முழுதாகப் புரிகிறது. எனக்கு அதைப் புரியவைத்தது இந்த ரேடியோ.

எனக்குச் சங்கீதம் தெரியாது, யாரும் கற்றுக்கொடுத்ததும் இல்லை. ஆனால் வருடா வருடம் திருவையாறு தியாகராஜ ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளை நேரலையாகக் கேட்டுக் கேட்டு, நாட்டை முடிந்து கௌளை, அதற்குப் பின் ஆரபி, வராளி, ஸ்ரீ என்று வரிசை மனதில் பதிந்துவிட்டது. அன்றைக்குக் காலையில் வேலை எடுப்பதில்லை, காஜா எடுக்கிற கை வேலை மட்டும் வைத்துக்கொள்வேன். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே குரலாகப் பாடுவதைக் கேட்கும்போது பெங்களூர் நாகரத்தினம்மாளைக் கட்டாயம் நினைத்துக்கொள்வேன். தியாகராஜரின் சமாதிக்குக் கோயில் கட்டியவர் அவர். அந்த ஆராதனையில் பெண்களும் பாட இடம் வேண்டும் என்று போராடியவரும் அவர்தான். இன்று ரேடியோவில் வரும் அந்தக் கூட்டுக் குரலில் பாதி பெண்கள் குரல். அதை ஒரு தையல் அறையில் உட்கார்ந்து நான் கேட்க முடிகிறது. இதற்கு நான் யாருக்கும் சந்தா கட்டவில்லை.

சினிமாப் பாட்டு விஷயத்தில் ரேடியோ எனக்குச் செய்த நன்மை, பெயர்களைச் சொல்லிக் கொடுத்தது. வானொலியில் ஒரு பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று சொல்லிவிட்டுப் போடுவார்கள். போனில் பாட்டு கேட்கிற என் மகளுக்கு நடிகர் பெயர் தெரியும், இசையமைப்பாளர் பெயர் தெரியும், எழுதியவர் யார் என்று தெரியாது. எனக்கு மருதகாசி எழுதியது எது, வாலி எழுதியது எது என்று ஓரளவு பிரித்துச் சொல்ல வருகிறது. வேலை செய்கிறவர்களின் பெயரைச் சொல்லிவிட்டு வேலையைக் காட்டுவது நல்ல பழக்கம். நான் தைத்த பிளவுஸைப் போட்டுக்கொண்டு போகிற பெண், “யார் தைத்தது?” என்று யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்கிறபோது எனக்கு வருகிற சந்தோஷம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

என் மாமியார் வேதாரண்யம் பக்கத்துப் பெண். அவருக்கு ரேடியோ என்றால் இலங்கை வானொலிதான். கடலுக்கு அக்கரையிலிருந்து கொழும்பு நிலையம் அவர்கள் வீட்டில் திருச்சியை விடத் தெளிவாகக் கேட்குமாம். அறிவிப்பாளர் மயில்வாகனம் பேசுவது, அப்புறம் பி.எச். அப்துல் ஹமீது பேசுவது என்று அத்தை சொல்ல ஆரம்பித்தால் குரலே மாறிவிடும். அந்தக் காலத்தில் இலங்கை வானொலி இங்கே இவ்வளவு பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் டெல்லியில் இருந்தது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு தரம் குறைந்தது என்று நினைத்தார். அவர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு அநேகமாக நின்றே போனது. கேட்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். கடைசியில் 1957 அக்டோபர் 3 அன்று சினிமாப் பாட்டு போடும் விவித் பாரதி சேவையை ஆல் இந்தியா ரேடியோவே தொடங்கியது. மக்களுக்குப் பிடித்ததை மேலே இருந்து ஒருவர் நிறுத்திவிட முடியாது. அத்தை இதை வேறு விதமாகச் சொல்வார்: “அவன் போடல, இவன் போட்டான், நாங்க கேட்டோம்.”

2020 செப்டம்பர் 25 அன்று மதியம் எஸ்.பி. பாலசுப்ரமணியம் இறந்த செய்தி வந்தது. ஊரடங்குக் காலம். தைக்கக் கொடுக்கிறவர்கள் குறைவு, வீட்டில் எல்லோரும் இருந்தோம். அன்றும் அதற்கு அடுத்த நாட்களிலும் ரேடியோவில் அவர் பாட்டுதான். இடையில் நேயர்கள் போனில் வந்து பேச ஆரம்பித்து அழுதார்கள். அறிவிப்பாளருக்கும் குரல் கம்மியது. யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாத ஒரு காலத்தில், முகம் தெரியாத அத்தனை பேரோடு சேர்ந்து துக்கம் கொண்டாட எனக்கு இருந்த இடம் அதுதான். தனியாகப் போனில் அவர் பாட்டை எத்தனை தடவை போட்டுக் கேட்டிருந்தாலும் அந்த ஆறுதல் கிடைத்திருக்காது.

இனி செய்தி. காலை 7.15 செய்தி எங்கள் வீட்டில் அத்தையின் உரிமை. அந்த நேரத்தில் யாராவது மிக்ஸி போட்டால் கோபம் வரும். சரோஜ் நாராயணசுவாமி டெல்லியிலிருந்து செய்தி வாசித்த நாட்களை அவர் இன்னும் பேசுவார். 2022 ஆகஸ்டில் சரோஜ் மறைந்தபோது, சொந்தக்காரர் போனதைப் போல அன்று முழுக்கப் பேசாமல் இருந்தார். எனக்கு வானொலிச் செய்தியில் பிடித்தது அது முடிந்துவிடுகிறது என்பது. பத்து நிமிடம். தலைப்புச் செய்திகள், விவரம், மறுபடி தலைப்புச் செய்திகள், அவ்வளவுதான். கத்தல் கிடையாது, பின்னால் டமடம என்று இசை கிடையாது, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவது கிடையாது. டிவி செய்தி பார்த்த நாட்களில் மதியம் வரை நெஞ்சு படபடப்பாக இருக்கும். ரேடியோச் செய்தி கேட்டு எனக்கு அப்படி ஆனதில்லை, நடந்ததும் தெரிந்துவிடுகிறது.

குறையையும் சொல்ல வேண்டும். அரசு வானொலி என்பதால் அரசாங்கம் செய்ததையெல்லாம் விரிவாகச் சொல்வார்கள், அதைப் பற்றிய கேள்விகள் அவ்வளவு விரிவாக வராது. அதற்கு நான் நாளிதழ் வாங்குகிறேன். தனியார் பண்பலைகளில் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அனுமதி இல்லை, அரசு வானொலியின் செய்தியை வேண்டுமானால் மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. டிவியிலும் போனிலும் எல்லாவிதச் செய்தியும் வரும்போது, ஏழைகள் கையில் இருக்கிற ரேடியோவுக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டு? இன்னொரு வருத்தம் ஷார்ட் வேவ். பி.பி.சி. தமிழோசை 1941-இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30 அன்று வானொலி ஒலிபரப்பை நிறுத்தியது. நான் ரேடியோ வாங்கியது அதற்குப் பின்னால். என் செட்டில் அந்த பேண்ட் இருந்தும் தமிழில் கேட்க இப்போது அதிகம் இல்லை. அதனால் புதிதாக வாங்குகிறவர்கள் ஷார்ட் வேவுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

இந்த ரேடியோ கொடுத்த காசுக்கு மேல் உழைத்தது கஜா புயலின்போது. 2018 நவம்பர் 16 அதிகாலை புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. ராத்திரி முழுக்கக் காற்று. ஓடு பறக்கிற சத்தம், மரம் முறிகிற சத்தம். கரண்டு முதலிலேயே போய்விட்டது. விடிந்தபோது போனில் சிக்னல் இல்லை, சிக்னல் வந்த இடத்தில் சார்ஜ் இல்லை. அத்தைக்குத் தம்பி வீடு வேதாரண்யத்தில். ரோடெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது, யார் போய்ப் பார்ப்பது? ரேடியோவை வாசல் திண்ணையில் வைத்துத் திருச்சியைத் திருப்பினோம். அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் பின்னும் நான் மீடியம் வேவ் கேட்டதில்லை. ஊர் முழுக்கக் கரண்டு இல்லாததால் இரைச்சல் கிளப்ப ஒரு மோட்டாரும் இல்லை, ஒரு பல்பும் இல்லை. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வந்து நின்றுவிட்டார்கள். எந்த ரோடு திறந்திருக்கிறது, எங்கே முகாம், பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை பக்கம் என்ன ஆயிற்று என்பதெல்லாம் எங்களுக்கு அதன் வழியாகத்தான் தெரிந்தது. தென்னந்தோப்புகள் விழுந்த கணக்கைச் சொல்லும்போது, தோப்பு வைத்திருந்த ஒருவர் எழுந்து போய்விட்டார். கரண்டு வர நாளானது. ரேடியோவில் சத்தத்தைக் குறைத்து, செய்தி நேரத்துக்கு மட்டும் போட்டு, இருந்த கட்டையிலேயே ஓட்டினோம். அத்தையின் தம்பி வீட்டார் நன்றாக இருக்கிறார்கள் என்ற தகவல் ஆள் மூலமாகத்தான் வந்தது. ஆனால் அதுவரை வேதாரண்யத்துக்கு உதவி போய்ச் சேர்கிறது என்று ரேடியோ சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் அத்தை சாப்பிட்டார்.

உடல்நலம் பற்றிய நிகழ்ச்சிகளை நான் மிக மதிக்கிறேன். டாக்டர் ஒருவர் வந்து உட்கார்ந்து, நேயர்கள் போனில் கேட்பதற்குப் பொறுமையாகப் பதில் சொல்வார். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, தினம் ராத்திரி உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், குனிந்து பார்க்க முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம் என்று ஒருமுறை சொன்னார்கள். அத்தைக்குப் பல வருடமாகச் சர்க்கரை. அன்றைக்கே ஒரு சின்னக் கண்ணாடியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அவருக்கு வலி தெரியாத இடத்தில் முள் குத்திச் சிவந்திருந்ததை ஒரு நாள் அப்படித்தான் கண்டுபிடித்தோம். புண் பெரிதாவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியபோது அதில் யார் சேரலாம் என்பதையும் ரேடியோவில் கேட்டுத்தான் விசாரித்தோம்.

மழைக்காலத்தில் பாம்புக்கடி பற்றிப் பேசுவார்கள். வயல் ஊர்களுக்கு இதைவிட முக்கியமானது என்ன இருக்கிறது? கடித்த இடத்தைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து உடனே விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, வயிற்று வலி என்று எழுந்து கஷாயம் குடித்துவிட்டுப் படுப்பவர்கள் உண்டு என்று ஒரு டாக்டர் விளக்கினார். அதைக் கேட்ட பிறகு எங்கள் வீட்டில் யாரும் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகாமல் தரையில் படுப்பதில்லை. வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் அளவும் அப்படி மனதில் நின்றதுதான்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டிய அளவு. போனில் இதே விஷயங்கள் வரும்போது நடுவில் எலுமிச்சையால் எல்லா நோயும் தீரும் என்கிற வீடியோவும் சேர்ந்து வருகிறது. எது மெய், எது புரளி என்று பிரிக்க எல்லோராலும் முடியாது. ரேடியோவில் பேசுகிறவர் யார், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டுத்தான் பேச விடுகிறார்கள்.

சொன்னதைக் கேட்டுச் செய்வது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைத் திருச்சி வானொலியில் கேட்டுக் கேட்டு விவசாயிகள் போட ஆரம்பித்தார்கள், அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்துவிட்டது. என் மாமனார் வீட்டிலும் அதைப் போட்டிருக்கிறார்கள்.

செட்டுக்கு வந்த கோளாறுகள்: சத்தம் வைக்கும் திருகில் தூசி சேர்ந்து திருப்பும்போது கரகரவென்றது. முள்ளை நகர்த்துகிற டயல் நூல் அறுந்தது. ஏரியல் அடியோடு ஒடிந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பழைய ரேடியோ பார்க்கிற மெக்கானிக் ஒருவர் மூன்றையும் சரிசெய்து கொடுத்தார். டயல் நூலை அவர் சுற்றுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், பாபினில் நூல் சுற்றுகிற எனக்கே அது சுலபமாகத் தெரியவில்லை. இப்படிக் கழற்றிப் பூட்ட முடிகிற செட்டாக இருப்பதால்தான் இத்தனை வருடம் ஓடுகிறது. ஏரியல் மாற்றும் வரை ஒரு கெஜம் ஒயரைச் சுற்றி விட்டிருந்தேன், எஃப்.எம். எடுத்தது. ரொம்ப நாள் கரண்டிலேயே ஓட்டுவதாக இருந்தால் கட்டையை வெளியே எடுத்து வையுங்கள். கசிந்தால் ஸ்பிரிங் எல்லாம் பச்சை பூத்துவிடும்.

போனிலேயே வானொலி கேட்க ஆப் இருக்கிறதே என்று மகள் கேட்பாள். இருக்கிறது, நல்ல ஆப். வெளியூரில் இருக்கும்போது திருச்சி நிலையத்தை அதில்தான் கேட்கிறேன். ஆனால் டேட்டா வேண்டும், யாராவது கூப்பிட்டால் பாதியில் நிற்கும். நிகழ்ச்சியும் கொஞ்சம் தாமதித்து வருவதால் அதில் சொல்கிற மணியை வைத்துக் கடிகாரம் திருத்த முடியாது. புயல் அடித்தால் அது முதலில் போகிறது.

வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இது. மீடியம் வேவ் கட்டாயம் இருக்க வேண்டும், அட்டைப்பெட்டியில் எம்.டபிள்யூ. அல்லது ஏ.எம். என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எஃப்.எம். மட்டும் உள்ள சின்ன செட்டுகள் டெல்டாவில் பல கிராமங்களில் பிரயோஜனப்படாது. உள்ளே பூட்டிய சார்ஜ் பேட்டரி செட்டை விட, கடையில் கிடைக்கிற கட்டை போடுகிற செட் நல்லது, கரண்டு பல நாள் இல்லாத நேரத்தில் வித்தியாசம் தெரியும். ஸ்பீக்கர் உள்ளங்கை அகலமாவது இருந்தால்தான் வயதானவர்களுக்குப் பேச்சு புரியும். எண் தெரிகிற டிஜிட்டல் செட் நிலையம் பிடிக்கச் சுலபம். ஆனால் கண் மங்கியவர்களுக்குத் திருகுதான் வசதி. அத்தை இருட்டிலும் தடவிப் பார்த்தே திருச்சியைப் பிடித்துவிடுவார்.

பெரிய கவலை ஒன்று இருக்கிறது. நாட்டில் மீடியம் வேவ் ஒலிபரப்பிகள் சில மூடப்பட்டு எஃப்.எம்.முக்கு மாற்றப்பட்டு வருகின்றன. எஃப்.எம். ஒலி தெளிவானது, அதை மறுக்கவில்லை. ஆனால் எஃப்.எம். கோபுரம் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் போகும். மீடியம் வேவ் தரையை ஒட்டியே போய் ஒரே ஒலிபரப்பியிலிருந்து பல மாவட்டங்களைத் தொடும். கோடியக்கரை உப்பளத்தில் வேலை செய்கிறவருக்கும், கடலுக்குள் போயிருக்கிறவருக்கும் அது இருக்க வேண்டும். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று நிலையத்துக்குத் தெரிய நல்ல வழி நாம் எழுதுவதுதான். ஐம்பது பைசா கார்டு போதும். நான் நிகழ்ச்சியின் பெயர், தேதி, எங்கள் ஊரில் எப்படிக் கேட்டது என்று எழுதிப் போடுவேன், இரண்டு முறை கடித நேரத்தில் வாசித்தார்கள். போன வாரம் போட்ட கார்டில், மிஷினில் நாள் முழுக்கக் குனிந்து உட்காருகிறவர்களின் கழுத்து வலி, இடுப்பு வலி பற்றித் தனியாக ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் தைக்கிற மற்ற பெண்களும் அதில் கையெழுத்துப் போட்டார்கள்.